மடிப்புக்குள் விட்ட துணி

மகனே,

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குச் சுவாமி என்னை அழைத்து உன் கடிதத்தைக் கையில் தந்தார். வெளிநாட்டிலிருந்து வந்து கொழும்பில் கிடந்ததை, அங்கே போனவர் எடுத்து வந்திருக்கிறார். வீடு செல்லும் வரையில் பொறுத்திருக்க என்னால் இயலவில்லை. கோயில் மதிலோரம் நின்றே உறையைப் பிரித்தேன். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தாய். முதல் பாதியில் குளிரைப் பற்றியும் அறையில் உன்னோடு இருக்கும் பையன்களைப் பற்றியும் எழுதிவிட்டு, பிறகு திடீரென்று இப்படி எழுதியிருந்தாய்: "அம்மா, இனி என்னை நினைச்சுப் பெருமைப்படாதேங்கோ. நான் இங்க ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவுறன். அதையும் ஒழுங்காக் கழுவுறதில்லை. ஆர் பாக்கினம்?" அதற்குக் கீழே, இனிக் கடிதம் எழுதுவது கடினம், காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி. கையெழுத்துக்கூட முழுமையாக இல்லை. நான் அந்தத் தாளை மடித்து உறைக்குள் வைத்தேன். மறுபடியும் எடுத்து வாசித்தேன். நம் ஊர்த் தெருக்களில் எப்போதும் திரியும் மான்கள்கூட விலகிப் போய்விட்டன. நான் மட்டும் அங்கேயே நின்றேன்.

உன் அப்பா கதிரையில் சாய்ந்திருந்து கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "கோப்பை கழுவுறது என்ன களவே? இவன் ஏன் இப்பிடிக் குனிஞ்சு போறான்?" என்றார். சற்று நேரம் சென்று, "இஞ்சேரும், நீர் எழுதும். உம்மட செந்தமிழுக்குப் பயந்தாவது அவன் கோப்பையை மினுக்குவான்" என்று சிரித்தார். அவர் என்னைக் கேலி செய்வது உனக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். கடையில் சாமான் சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களை நீவி விரித்து வாசித்துத்தான் இந்த மொழியைச் சேர்த்துக்கொண்டேன். பிறர் எறிந்ததிலிருந்து எடுத்ததென்றாலும் அழுக்கில்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆகையால் என் மகனுக்கு எழுதும்போது அதை அலுமாரிக்குள் பூட்டி வைக்க நான் விரும்பவில்லை. நீ பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

நீ கோப்பை கழுவுகிறாய் என்பது என்னைச் சுடவில்லை. விஞ்ஞானம் படித்த பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளை, இந்தச் சண்டை இல்லாவிட்டால் இன்று வெள்ளைச் சேட்டோடு வேறெங்கோ இருந்திருப்பாய் என்று நானும் நினைக்காமல் இல்லை. அந்த நினைப்பு வரும்போது தையல் மெசினை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நிற்பேன். ஆனால் என்னைச் சுட்டது உன் கேள்வி. ஆர் பாக்கினம் என்று கேட்டாயே, அது நம் வீட்டில் முன்பும் ஒருமுறை கேட்கப்பட்டது. துறைமுகத்தில் இரும்பு மிதவைகளுக்கு வர்ண மை பூசும் வேலையில் அப்பா இருந்த காலம். மற்றவர்கள் தண்ணீருக்கு மேலே தெரியும் பாகத்தை மட்டும் சுரண்டிப் பூசுவார்கள். அப்பா இரும்பில் ஏறிய கறள் முழுவதையும் அடிவரை சுரண்டிக்கொண்டிருப்பார். பொழுதுபட்டு வீடு வரும் அவரிடம், தண்ணீருக்குக் கீழே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான்தான் சலித்துக்கொண்டேன். "உப்புப் பாக்கும்" என்றார் உன் அப்பா. காலைக் கழுவிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அந்தச் சொல் எனக்கு அன்றே விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விளங்குவதற்கு ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நீ பக்கத்தில்தான் இருந்தாய். ஆனாலும் முழுவதையும் நீ அறியமாட்டாய்.

மூதூர்ப் பக்கத்தில் ஷெல் அடி தொடங்கி, சனங்கள் லோஞ்ச் லோஞ்சாகக் குடாவைக் கடந்து வந்து இறங்கிய காலம் உனக்கு நினைவிருக்கும். நம் கோயிற் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. மேசை வாங்குகளை முற்றத்தில் அடுக்கிவிட்டு வகுப்பறைகளில் குடும்பங்களை இருத்தினார்கள். உங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று நீங்கள் எல்லோரும் மகிழ்ந்து திரிந்தீர்கள். உடுத்த உடையோடு வந்த பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க வேண்டுமென்று, சுவாமி எங்கிருந்தோ ஒரு கட்டுக் கருநீலத் துணி பெற்று வந்து மாதர் சங்கத்திடம் ஒப்படைத்தார். சங்கத்துத் தலைவி திரேசா ரீச்சர். ஓய்வுபெற்ற பிறகும் ஊர் முழுவதையும் தம் வகுப்பறையாகவே கருதியவர். தைப்பதற்கு ஆள் யார் என்று கேள்வி எழுந்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. உன் அப்பாவின் பழைய சேட்டுகளைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தே தைக்கக் கற்றுக்கொண்டவளை ஊர் திரும்பிப் பார்க்கிறதே என்ற பெருமை.

ஆண் பிள்ளைகளின் சேட்டுகள் எல்லாவற்றையும் உன் உடம்பை வைத்தே வெட்டினேன். கைகளை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, சிலுவையில் நிற்பவரைப் போல் முகத்தையும் கோணலாக வைத்துக்கொண்டு நிற்பாய். நூலால் அளக்கும்போது கூசுகிறது என்று நெளிவாய். உன்னைவிடச் சின்னவர்களுக்கு இரண்டு விரல் குறைத்து, பெரியவர்களுக்கு இரண்டு விரல் கூட்டி, அப்படித்தான் அளவெடுத்தேன். பெண் பிள்ளைகளின் சட்டைகளுக்குக் கீழ் விளிம்பில் நாலு விரற்கிடை துணியை உள்ளே மடித்து, வெளியில் தெரியாத தையல் போட்டேன். வளரும் பிள்ளைக்கு அப்படித்தான் தைக்க வேண்டும். பிள்ளை உயரும்போது மடிப்பைப் பிரித்து இறக்கிவிடலாம். உனக்கும் நான் அப்படித்தான் தைத்தேன்.

திரேசா ரீச்சர் வந்து ஒரு சட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு துணியை மடிப்புக்குள்ள விட்டிருக்கிறீர்! இது அகதிப் பிள்ளையளுக்கு. உடம்பை மூடினால் காணும். இந்த மடிப்பு எல்லாத்தையும் சேர்த்தால் இன்னும் எத்தினை சட்டை வரும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. துணி அளவானது, பிள்ளைகள் அதிகம். அன்று முழுவதும் துணியை மேசையில் விரித்து, வெட்டுத் துண்டுகளைத் தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். சட்டைக் கைகளுக்கான துண்டுகளை ஒன்றோடொன்று எதிரெதிராகப் பொருத்தினேன். கொலரின் அடிப்பக்கத்துக்கு என் பழைய சீலையை வெட்டினேன். கடைசியில் மடிப்பும் நின்றது, சட்டையும் குறையவில்லை. ரீச்சர் திருப்தியோடு தலையசைத்துவிட்டு, இன்னொரு காரியம் சொன்னார். ஒவ்வொரு சட்டையின் கொலரிலும் ஒரு சின்னச் சிலுவை தைக்க வேண்டும். யாருடைய அன்பு இது என்று பெறுகிறவர்கள் அறிய வேண்டும். நான் மறுப்பேதும் சொல்லவில்லை. பூத்தையலில் என்னை மிஞ்ச இந்தப் பங்கில் ஆளில்லை என்று எனக்குத் தெரியும். மஞ்சள் நூலால் ஒவ்வொரு சிலுவையும் அச்சில் வார்த்ததுபோல் தைத்தேன். கருநீலத்தில் அது எப்படித் துலங்கிற்று என்பதை இன்றும் என்னால் கண்ணை மூடிப் பார்க்க முடியும்.

சட்டைகளைக் கொடுத்த மறுநாள் காலை, ஒரு பெண் நம் படலையில் வந்து நின்றாள். மகேஸ்வரி என்று பெயர் சொன்னாள். மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான் கிராமத்திலிருந்து வந்தவள். மாடுகளை அவிழ்த்துவிட்டு அடுத்த லோஞ்சில் வருகிறேன் என்று சொன்ன கணவன் அதுவரை வந்து சேரவில்லை. மகளுடைய சட்டையைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கையில் வைத்திருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், விளிம்பில் இருந்தாள்.

"அக்கா, கோவிக்கப்படாது. சட்டை நல்ல வடிவு. பிள்ளை கழட்டவே மாட்டன் எண்டவள். இந்தச் சிலுவையை மட்டும் எடுத்துவிட ஏலுமே?"

ஏன் என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே நன்றாக இருக்கவில்லை.

"நாங்கள் அம்மாளைக் கும்பிடுற ஆக்கள். ஊர்க் கோயிலில நேர்த்தி வைச்சுப்போட்டுத்தான் லோஞ்சில ஏறினனான். பிள்ளையின்ர தேப்பன் வந்து சேருமட்டும் நான் அதில பிசகப்படாது, அக்கா."

மகனே, உடுக்க வேறு துணியில்லாத இடத்தில் இதையும் பார்ப்பார்களா என்று ஒரு வசனம் என் நாக்கின் நுனி வரை வந்தது. எப்படியோ அதை விழுங்கிக்கொண்டேன். சிலுவை வேண்டாம் என்றாள் என்பதைவிட, என் தையலை வேண்டாம் என்றாள் என்பதே அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. தையல் பிரிக்கும் பிளேட்டை எடுத்தேன். பிரிப்பது தைப்பதைவிடக் கடினமானது. அவசரப்பட்டால் துணி கிழியும். நான் கொலரைப் பிடித்து ஒவ்வொரு இழையாக அறுத்துக்கொண்டிருக்க, மகேஸ்வரி சட்டையின் தொங்கிய மறுபக்கத்தைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். தையல் தெரிந்த கை போலும். விளிம்பைத் தடவினாள், தடிப்பாக இருப்பதை உணர்ந்து உள்ளே திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, உள்ளுக்கு இவ்வளவு துணி?"

"வளருற பிள்ளைதானே. பிறகு இறக்கிவிடலாம்."

 நீண்ட நேரம் அந்த மடிப்பையே விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பாராமலே சொன்னாள். "இஞ்ச வந்த நாள் துவக்கம் நான் இவளுக்கு நாளைக்கு எண்டு ஒண்டையும் நினைச்சதில்லை, அக்கா. இண்டைக்குச் சோறு, இண்டைக்குத் தண்ணி, அவ்வளவுதான். நீங்கள் இவள் ஆரெண்டே தெரியாமல் வாற வருசத்துக்கும் சேர்த்துத் தைச்சிருக்கிறீங்கள்."

என் கையிலிருந்த பிளேட் நின்றுவிட்டது. மடிப்பு விடும்போது நான் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. ஒழுங்காகத் தைக்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். பிள்ளைகள் நாளை இருப்பார்கள், வளருவார்கள், அவர்களுக்கு அடுத்த வருடம் ஒன்று உண்டு என்று என் விரல்கள் என்னைக் கேளாமலே நம்பியிருக்கின்றன. ஊரில் யாரும் நாளையைப் பற்றிப் பேசாத நாட்கள் அவை. செபமாலை உருட்டும்போதுகூட நான் அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. ஆண்டவருடைய அன்பை எல்லோரும் காணும் இடத்தில் மஞ்சள் நூலால் எழுதிவிட்டேன் என்று இறுமாந்திருந்தேன். அவள் அதை வாசித்தது வேறோர் இடத்தில்.

அந்தச் சிலுவையைப் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் தெரிந்தன. தண்ணீர் தெளித்து, சிரட்டைக் கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தி, துளைகள் மூடிக்கொள்ளும் வரை தேய்த்துக் கொடுத்தேன். பின்னேரம் நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பு வகுப்பாகச் சென்று, வேண்டுமென்பவர்கள் சிலுவையை வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்பவர்கள் தரலாம், பிரித்துத் தருகிறேன் என்றேன். நம் சமயத்துச் சனங்கள் விரும்பி வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முதலில் தயங்கினார்கள்; பிறகு சட்டைகள் ஒவ்வொன்றாக என் மடியில் வந்து விழுந்தன. செய்தி திரேசா ரீச்சருக்கு எட்டிவிட்டது. குடையைக்கூட மடிக்காமல் நம் வீட்டுக்குள் வந்தார்.

"ஆரும் தைச்சதைத் தாங்களே பிரிப்பினமே? ஆண்டவரை மறைக்கிறீரோ நீர்?"

"அவர் மடிப்புக்குள்ள இருக்கிறார், ரீச்சர்" என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்கு அன்று மொழி இருக்கவில்லை. ரீச்சர் என்னை உற்றுப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா மிகக் கவனமாக முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ரீச்சர் குடையை மடித்து மூலையில் சார்த்திவிட்டு, எனக்கும் ஒரு பிளேட் தாரும் என்று கேட்டு வாங்கி எதிரே அமர்ந்தார். பிரிக்கத் தெரியாமல் ஒரு கொலரில் ஓட்டையும் போட்டுவிட்டார். அந்த ஓட்டைக்கு மேல் நான் ஒரு பூ தைத்தேன்; அந்தப் பூவுக்காகப் பிள்ளைகள் சண்டையிட்டார்கள் என்று கேள்வி.

சட்டைகள் உவர்த்தண்ணீரில் தோய்ந்து, வெயிலில் காய்ந்து, மறுபடியும் தோய்ந்து நாட்கள் போயின. மறு வருடம் சனங்களை ஊருக்குத் திரும்ப அனுப்பினார்கள். மகேஸ்வரியும் போகிறாள் என்று கேள்விப்பட்டுத் துறைக்குச் சென்றேன். அவளுடைய கணவனைப் பற்றி அப்போதும் ஒரு தகவலும் இல்லை. லோஞ்சின் விளிம்பில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும், "அக்கா, இறக்கியாச்சு" என்று கூப்பிட்டாள். பிள்ளை பெருமையோடு ஒருமுறை சுற்றிக் காட்டிற்று. சட்டை முழுவதும் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும், நாலு விரல் அகலத்துக்கு, வெயிலே படாத கருநீலம். நான் வெட்டிய அன்று இருந்த அதே நிறம். லோஞ்ச் கொட்டியாரக் குடாவில் சிறிதாகி மறையும் வரை அந்தப் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பின்பு அங்கே மறுபடியும் சண்டை வந்தது. அவர்களைப் பற்றி எனக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. இப்போதும் துறைப் பக்கம் போனால் என்னை அறியாமல் கருநீலத்தைத் தேடுகிறேன்.

பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது, எல்லோரும் ஆணிகளுக்கும் முட்களுக்கும் அழுவார்கள். நானும் அழுவேன். ஆனால் தையற்காரியின் காது வேறோர் இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த போர்வீரர்கள் அவருடைய உடைகளைப் பங்கு போடுகிறார்கள். தையலே இல்லாமல் ஒரே நெசவாக நெய்யப்பட்ட அங்கிக்கு வந்தபோது அதைக் கிழிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மனிதரைக் கொல்லத் தயங்காதவர்கள் அந்த வேலைக்கு முன் தயங்கினார்கள். அதை நெய்த கை யாருடையது என்று சொல்லப்படவில்லை. அவருடைய தாயின் கை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நெய்தபோது அவளுக்கு அந்த நாள் தெரிந்திருக்காது. மகன் உடுப்பான் என்று மட்டும் தெரிந்திருக்கும். நானும் ஒரு தாய். ஆகையால் நான் அதை நம்புகிறேன்.

நீ கழுவும் கோப்பையை நான் கண்டதில்லை. அந்தக் கடையின் குசினி எப்படி இருக்கும், தண்ணீர் சுடுமா குளிருமா, நின்றுகொண்டே கழுவுகிறாயா, உன் கைகள் வெடித்திருக்கின்றனவா, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நீ கழுவி வைத்த பிறகு அந்தக் கோப்பை யாரோ ஒருவர் முன்னால் போய் இருக்கிறது என்பது தெரியும். அவர் பசியோடு வந்தவராக இருக்கலாம். நெடுநாட்களுக்குப் பிறகு தம் மகனைச் சந்தித்து அவனோடு உண்ண வந்த ஒரு தாயாக இருக்கலாம். அவளுக்கு உன் பெயர் தெரியப்போவதில்லை. மகேஸ்வரியின் மகளுடைய பெயரும் நான் வெட்டியபோது எனக்குத் தெரியாது. நீ கோயிலுக்குப் போவதில்லை என்பதை எழுதாமலே எழுதியிருக்கிறாய். அதற்காக நான் உன்னோடு வழக்காடப் போவதில்லை. கோப்பையை ஒழுங்காகக் கழுவு, மகன். அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவு. அந்தத் தொட்டியடியில் ஆண்டவர் உன்னைக் கண்டுகொள்வார். முதலாளி பார்ப்பாரோ இல்லையோ, உப்புப் பார்க்கும்.

பெருமைப்பட வேண்டாம் என்று நீ எழுதியது எனக்கு ஏலாத காரியம். என்னால் இயலாததை என்னிடம் கேட்காதே.

நீ புறப்படும்போது நான் தைத்துத் தந்த காற்சட்டைகளுக்கும் மடிப்பு விட்டேன். "இவன் இனியும் வளரப்போறானே?" என்று அப்பா சிரித்தார். அவர் சிரித்தாலும் நான் விட்டேன். ஒருநாள் அதன் அடியைப் பிரித்துப் பார். உள்ளே இருக்கும் துணியில் நீ வெளிக்கிட்ட அன்றைய நிறம் அப்படியே இருக்கும்.

இப்போது மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்தபடி கிடக்கிறது. உனக்குச் சேட்டு வெட்டுவதற்காக வாங்கினேன். கத்திரிக்கோலை எடுத்த பிறகுதான் உணர்ந்தேன், உன் தோளின் அளவு எனக்குத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உன் உடம்பை வைத்து வெட்டியவள், இன்று உனக்கு வெட்ட ஓர் அளவில்லாமல் நிற்கிறேன். மெலிந்திருக்கிறாயா, பருத்திருக்கிறாயா, அங்கே யாரைக் கேட்பது? எழுத முடியாது என்றால் எழுத வேண்டாம். பக்கத்தில் படுக்கும் பையனிடம் ஒரு நூலைக் கொடுத்து, உன் தோளின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளந்து அறுக்கச் சொல். கூசினால் நெளியாமல் நில். அந்த நூலை உறைக்குள் வைத்து அனுப்பு. சொல் ஒன்றும் வேண்டாம், நூல் மட்டும் போதும்.

அது வந்து சேரும் வரை இந்தத் துணியை நான் வெட்டமாட்டேன். வந்ததும் வெட்டுவேன். மடிப்பு வழக்கம்போல் விடுவேன்.

உன் அம்மா